பல்லிடுக்கில் ஒரு சர்க்கரைக் கட்டி

டோர்கெல் தன் அக்கா குன்வோரிடம் உண்மையைச் சொல்லி ஒரு வாரம் ஆகிவிட்டது. அந்த வாரம் முழுக்க அவள் சரியாகத் தூங்கவில்லை.

விஷயம் இதுதான். டோர்கெலுக்குச் சர்க்கரை நோய். மாத்திரையில் அடங்குகிற ரகம் இல்லை. தினமும் ஊசி போட்டுக்கொள்கிற ரகம். ஊசி கொஞ்சம் மிஞ்சினாலும், சாப்பாடு கொஞ்சம் தள்ளினாலும், ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். கை நடுங்கும். குளிரிலும் வியர்க்கும். குடிக்காமலே குடிகாரனாகிவிடுவான். தனக்கு என்ன நடக்கிறது என்பது அவனுக்கே தெரியாது.

அவன் செய்வதோ, இலையுதிர் காலப் புயலில் சாய்ந்த காட்டை மோட்டார் ரம்பத்தால் அறுத்து ஒழுங்கு செய்கிற வேலை. விழுந்த மரம்தானே என்று வெளியாட்கள் நினைப்பார்கள். நிற்கிற மரத்தை நம்பலாம், விழுந்ததை நம்பக் கூடாது. ஒன்றன்மேல் ஒன்றாக வில் மாதிரி வளைந்து கிடக்கும். தப்பான பக்கம் ரம்பத்தை வைத்தால் துள்ளி வந்து நெஞ்சில் அடிக்கும்.

போன மாதம் அவன் கையிலிருந்த ரம்பம், கூட அறுக்கும் கிழவர் எய்னோவின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது. எய்னோ வாய்க்கு வந்தபடி திட்டினார். டோர்கெல் பயந்துபோனான்; நாளெல்லாம் உள்ளுக்குள் புழுங்கி, போன வாரம்தான் அக்காவிடம் வந்து எல்லாவற்றையும் கொட்டினான். "நம்ம ஆளுங்க யார்கிட்டயும் சொல்லிடாதக்கா" என்று கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினான்.

இருவருமாகத் தொழிலாளர் மருத்துவ நிலையத்து நர்ஸைப் போய்ப் பார்த்தார்கள். நர்ஸ் நிறையச் சொன்னாள். குன்வோரின் காதில் ரம்பம் என்கிற ஒரு சொல்தான் நின்றது.

அப்பா போன பிறகு தொழில் அவள் பொறுப்பு. ஆட்களும் அவள் பொறுப்பு. அதில் ஒருவன் கூடப் பிறந்தவன். அன்று காலை அவள் ஒரு முடிவோடு வந்திருந்தாள்.

காட்டுச் சாலை ஓரத்துக் குடிலில் எல்லாரும் கூடியிருந்தார்கள். குடில் என்றால் சக்கரம் வைத்த மரப்பெட்டி. உள்ளே ஒரு அடுப்பு, ஒரு மேசை, சுவரில் வரிசையாக ஆணிகள். ஆளுக்கு ஒரு ஆணி, ஆணிக்கு ஒரு தலைக்கவசம். வேலையில் இருக்கிறவனின் கவசம் மாலையில் ஆணிக்கே திரும்பிவிடும். ஒருவன் கவசத்தை வீட்டுக்கு எடுத்துப் போனான் என்றால் வேலையை விட்டுவிட்டான் என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

டோர்கெல் தன் கவசத்தின்மேல் கை வைத்தபோது குன்வோர் சொன்னாள்.

"இன்னைக்கு நீ ரம்பம் எடுக்க வேணாம்."

கை அப்படியே நின்றது.

"வேற என்ன எடுக்கணும்?"

"வடக்கு முக்குல அடுக்கி வச்ச மரத்துக்கெல்லாம் குறி போடணும். லாரி வரப்போகுது."

சொல்லிவிட்டு, மேசைக்கு அடியிலிருந்து சிவப்புச் சாய டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அடுப்பில் பிர்ச் விறகு மட்டும் படபடத்தது.

அந்த டப்பாவுக்கு ஒரு கதை உண்டு. அப்பா காலத்தில், உடம்புக்கு முடியாதவன் கையில்தான் அதைக் கொடுப்பார். முதுகு போனவன், முட்டி தேய்ந்தவன், மூச்சு வாங்குகிறவன் எல்லாரும் அடுக்கின் முகத்தில் சிவப்புக் கோடு இழுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். அப்பா அதை இரக்கம் என்று நினைத்தார். ஆட்கள் "டப்பா பிடிச்சுட்டான்" என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு அவனிடம் யாரும் ஒரு மரத்தைக் காட்டி யோசனை கேட்டதில்லை.

எய்னோதான் முதலில் வாயைத் திறந்தார். ஃபின்லாந்திலிருந்து வாலிபத்தில் வந்தவர். குன்வோரின் அப்பாவோடு மரம் வெட்டியவர்.

"ரெண்டு புள்ள பெத்தவனுக்குக் கலர் டப்பாவா? படம் வரைஞ்சு கொண்டுவந்து காட்டுடா, சுவத்துல ஒட்டறேன்."

மரம் சுமக்கிற வண்டியை ஓட்டும் ஃபோல்க்கே சிரித்தான். டோர்கெல் சிரிக்கவில்லை.

எய்னோ அதைப் பார்த்துக் குரலை மாற்றினார். "என் காலை அறுக்கப் பார்த்தானே, அதுக்குத் தண்டனையா? பொண்ணே, நான்தான் அன்னைக்கே திட்டித் தீர்த்துட்டேனே. அதோட சரியாப் போச்சு. ரம்பத்தைக் குடு அவன்கிட்ட."

"தண்டனை ஒண்ணும் இல்ல. யாராவது செய்ய வேண்டிய வேலைதானே" என்றாள் குன்வோர்.

டோர்கெல் டப்பாவை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனான். குன்வோரும் பின்னால் போனாள். மூக்குத் துவாரம் ஒட்டிக்கொள்கிற குளிர்.

"இதுக்குத்தான் உன்கிட்ட வந்து சொன்னேனா?"

"மெதுவாப் பேசு. நான் யார்கிட்டயும் சொல்லல."

"நீ சொல்லல. டப்பாவைத் தூக்கி மேசைமேல வச்சுட்டே. அதுக்குச் சொல்லியே இருக்கலாம்."

"நீ உசிரோட இருந்தா எனக்குப் போதும்டா."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா என்ன சொல்லியிருப்பே?"

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அவன் டப்பாவின் கம்பியை இறுக்கிப் பிடித்தான். ஃபோல்க்கே கிளப்பிக்கொண்டு வந்த வண்டியில் கால் வைத்து ஏறும்போது திரும்பினான். "வரேங்க, முதலாளியம்மா."

வீட்டில் அவளை அக்கா என்றும், வேலையில் வெறும் குன்வோர் என்றும் கூப்பிடுகிறவன். முதலாளியம்மா என்று அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

'சாப்பிட்டியாடா?' என்று கேட்க நினைத்தாள். சன்னலில் எய்னோவின் முகம் தெரிந்தது. கேட்காமல் விட்டாள்.

வண்டி திரும்பி வந்தது. டோர்கெலை வடக்கு முக்கில் இறக்கிவிட்டதாகவும், அடுக்குகளுக்கு நடுவில் பனி ஆழமாக இருப்பதாகவும் ஃபோல்க்கே சொன்னான். "தொடை வரைக்கும் முங்குது. அடுக்கு முகத்தையெல்லாம் மண்வாரியால தோண்டித்தான் எடுக்கணும்."

குன்வோர் தலையாட்டினாள். மனதுக்குள் ஒரு பாரம் இறங்கியதாகவே இருந்தது. ரம்பம் குடிலில் இருக்கிறது. தம்பி ரம்பத்துக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறான். இதைவிட என்ன வேண்டும்?

அவன் வேலையை அவளே எடுத்துக்கொண்டு எய்னோவோடு நின்று அறுத்தாள். வளைந்து கிடந்த ஒரு ஸ்ப்ரூஸ் மரத்தை இருவரும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி அதன் முறுக்கை இறக்கினார்கள். எய்னோ அடிக்கடி பக்கவாட்டில் பார்ப்பதும், பார்த்த இடத்தில் குன்வோர் நிற்பதைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வதுமாக இருந்தார்.

காப்பி நேரம் வந்தது. காட்டில் அதற்கு ஃபீக்கா என்று பெயர். அதைச் சத்தமாகச் சொன்னால் ரம்பங்கள் எல்லாம் நின்றுவிடும். முதலாளி சொன்னால்கூட அத்தனை சீக்கிரம் நிற்காது.

குடிலில் மூவரும் கையுறையைக் கழற்றி அடுப்பருகில் தொங்கவிட்டார்கள். எய்னோ சட்டைப் பையிலிருந்து சர்க்கரைக் கட்டிகளை எடுத்தார். அவர் காப்பி குடிப்பது பழைய முறை. கட்டியை முன்பல்லில் இடுக்கிக்கொண்டு, கறுப்புக் காப்பியை அதன் வழியாக உறிஞ்சுவார். இந்தக் காலத்தில் அப்படிக் குடிக்கிற ஆள் அவருக்கு அடுத்தபடி டோர்கெல் ஒருவன்தான். அதனாலேயே அவன்மேல் அவருக்கு ஒரு வாஞ்சை.

ஒரு கட்டியை வாயில் வைத்தார். இன்னொன்றை எதிரில், காலி இடத்துக்கு முன்னால் வைத்தார். வைத்த பிறகுதான் அங்கே யாரும் இல்லை என்று தெரிந்தது.

"அட, கை பாட்டுக்குப் போகுது" என்றார் கட்டியோடு.

ஃபோல்க்கே தன் கோப்பையில் பாலை ஊற்றினான். "அவன் போனதுல உங்களுக்குத்தான் நஷ்டம். திட்ட ஆள் இல்ல."

"நீ குடி கன்னுக்குட்டி. அவன் ஒருத்தன்தான் மனுஷன் மாதிரி காப்பி குடிக்கிறவன்." எய்னோ உறிஞ்சினார். "காப்பி இல்லாட்டித்தான் அவன் மனுஷனே இல்ல. திடீர்னு முகம் சுருங்கும். எதைச் சொன்னாலும் சண்டைக்கு வருவான். ரம்பத்தைப் பிடிச்சுக்கிட்டுச் சும்மா நிப்பான், ஏதோ மறந்துட்ட மாதிரி. உடனே நான் நேரம் ஆகாட்டியும் ஃபீக்கான்னு கத்திடுவேன். வாயில ரெண்டு கட்டியைத் திணிச்சு ஒரு வாய் காப்பி குடுத்தா, கொஞ்ச நேரத்துல பச்சப்புள்ள மாதிரி ஆயிடுவான். காப்பிப் பைத்தியம்!"

குன்வோரின் கோப்பை பாதி வழியில் நின்றது.

"அன்னைக்கு?" என்று கேட்டாள். "உங்க கால்கிட்ட ரம்பம் வந்த அன்னைக்கு?"

"அன்னைக்கு நான் கட்டி கொண்டு வரல. வீட்டுல மறந்துட்டேன். அதான் துரைக்கு மண்டை சூடாயிருந்துச்சு."

இந்தக் காட்டில் யாராவது சிடுசிடுத்தால் காப்பி போதவில்லை என்றுதான் சொல்வார்கள். வேறு காரணம் ஒன்று இருக்கும் என்று யாரும் தேடுவதில்லை. எய்னோவும் தேடவில்லை. தெரியாமலே, இத்தனை காலமாக அவர்தான் டோர்கெலைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறார்.

பெஞ்சின் ஓரத்தில் ஒரு நீலப் பெட்டி இருப்பதைக் குன்வோர் அப்போதுதான் பார்த்தாள். டோர்கெலின் ரொட்டிப் பெட்டி. கோபத்தில் எடுத்துப் போக மறந்திருக்கிறான்.

அவள் போன் அடித்தது. டோர்கெலின் மனைவி பிரித்தா. முதியோர் இல்லத்தில் வேலையில் இருக்கும்போது அவள் கூப்பிடுகிறவள் அல்ல.

"அவன் போனை எடுக்கவே மாட்டேங்கிறான். கையில ஒட்டியிருக்கே சர்க்கரை பாக்கற வில்லை, அது காட்டற கணக்கு என் போனுக்கும் வரும். கடைசியா வந்தப்ப அம்பு கீழ பாத்துக்கிட்டு, சர்க்கரை இறங்கிக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் ஒண்ணுமே வரல. அவன் பக்கத்துல போய்ப் பாரு."

"அங்க சிக்னல் கிடைக்காது பிரித்தா. குளிர்ல பேட்டரியும் செத்திருக்கும். ரம்பம் குடுக்கல, நான் லேசான வேலைக்குத்தான்…"

"நான் வேலையைக் கேக்கல. அவன்கூட யாரு இருக்காங்க?"

குன்வோர் நீலப் பெட்டியையே பார்த்தாள்.

"குன்வோர். கூட யாரு?"

நர்ஸ் சொன்ன இரண்டாவது விஷயம் அப்போதுதான் அவள் காதில் விழுந்தது. ஒரு வாரம் கழித்து. எந்த வேலை குடுத்தாலும் அவரோட பேசிக் குடுங்க. எந்த வேலை குடுத்தாலும் தனியா மட்டும் விட்டுடாதீங்க.

நீலப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள். எய்னோ பல்லில் கட்டியோடு பின்னால் ஓடிவந்து ஜீப்பில் ஏறினார். ஏன் என்று கேட்கவில்லை. அவள் முகம் அப்படி இருந்தது.

சாலையில் வண்டி வழுக்கியது. குன்வோர் முன்கண்ணாடி வழியே சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எய்னோ, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவனுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன். இப்ப உடைக்கிறேன். அவனுக்குச் சர்க்கரை. ஊசி போட்டுக்கறான். நீங்க காப்பிப் பைத்தியம்னு சொன்னது பைத்தியம் இல்ல. சர்க்கரை இறங்கறது."

எய்னோ பல்லிலிருந்து கட்டியைக் கையில் எடுத்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என் கால்?"

"அதுவும்தான்."

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"ஒரு வாரமா."

"அந்த வாரம் பூரா என் பக்கத்துலதானே ரம்பத்தோட நின்னான்?"

அவள் வண்டியை இன்னும் வேகமாக விட்டாள். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வடக்கு முக்கில் மர அடுக்குகள் பனிக்குள் சுவர் மாதிரி நின்றன. முதல் அடுக்கில் சிவப்புக் கோடு நேராக இருந்தது. இரண்டாவதிலும் நேராக இருந்தது. மூன்றாவதில் கோடு சரிந்தது. அடுக்கின் ஓரம் முடிந்த பிறகும் நிற்கவில்லை. காற்றில் இழுத்த மாதிரி பனியில் சொட்டுச் சொட்டாக, பிறகு பட்டை பட்டையாகச் சிவப்பு.

குன்வோருக்கு அது சாயம் என்று உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அடுக்குக்குப் பின்னால் டோர்கெல் உட்கார்ந்திருந்தான். மரத்தில் சாய்ந்து, கால் இரண்டையும் நீட்டி. அந்தக் குளிரில் மேல்கோட்டைத் திறந்து போட்டிருந்தான். நெற்றி வியர்வை புருவத்தில் உறைந்திருந்தது. டப்பா மடியில் கவிழ்ந்து கிடந்தது.

"டோர்கெல்! டேய்!"

கண் திறந்திருந்தது. அவளைப் பார்த்தது. ஆனால் யாரையோ பார்ப்பது போலப் பார்த்தது.

"போ… நீ போ… டப்பா…"

சட்டைப் பையைத் தடவினாள். சர்க்கரைப் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே இருந்தது. கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. அது வேண்டும் என்று சொல்லத்தான் அவன் புத்தியில் ஆள் இல்லை.

ஒரு கட்டியை அவன் உதட்டில் வைத்தாள். கையால் தட்டிவிட்டான். இன்னொன்றை வைத்தாள். துப்பினான். தோளைப் பிடித்தால் திமிறினான். அவன் முழங்கை அவள் வாயில் இடித்தது.

"விடு! என்னை விடு… முதலாளி…"

"நகரு பொண்ணே" என்றார் எய்னோ.

அவர் அவனைத் தொடவில்லை. ஒரு கை தூரத்தில், பனியில் குந்தி உட்கார்ந்தார். கையுறையைக் கழற்றினார். மூன்று ரம்பங்களின் சத்தத்தை மீறிக் கத்துகிற குரலில் கத்தினார்.

"ஃபீக்கா!"

டோர்கெலின் தலை திரும்பியது.

"நேரமாச்சுடா. காப்பி ஆறுது. கட்டியைப் பிடி."

வாய் திறந்தது. அந்தச் சொல்லுக்கு மட்டும் அந்த உடம்பு கீழ்ப்படிந்தது. எய்னோ கட்டியை அவன் முன்பல்லுக்கு நடுவில் வைத்தார், தினமும் வைப்பது போல. கடிக்கிற சத்தம் கேட்டது.

"சபாஷ். இன்னொண்ணு. நிமிந்து உக்காரு, கன்னுக்குட்டி மாதிரி சாயாதே."

கட்டி கட்டியாகப் போட்டார். அவன் வாயிலிருந்து ஒழுகியதைத் தன் கைமுட்டியால் துடைத்தார். குன்வோர் முட்டிக்கால் போட்டு, தம்பியின் கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். விரல் சாயத்தில் ஒட்டிக்கொண்டது.

கொஞ்சம் கொஞ்சமாக அவன் கண்ணுக்குள் ஆள் திரும்பி வந்தான். முதலில் எய்னோவை அடையாளம் கண்டுகொண்டான். பிறகு அக்காவை. அவள் உதட்டில் ரத்தம் வருவதைப் பார்த்து, "என்னாச்சு உனக்கு?" என்று கேட்டான்.

குன்வோர் நீலப் பெட்டியைத் திறந்து ரொட்டியை அவன் கையில் வைத்தாள்.

போனை வைத்ததுமே கிளம்பிய பிரித்தா, குடிலில் ஃபோல்க்கேயிடம் வழி கேட்டுக்கொண்டு, வேலை உடுப்போடே காரில் வந்து இறங்கினாள். அவன் கையைப் பிடித்து வில்லையின் கணக்கைப் பார்த்தாள், கண் இமையைத் தூக்கிப் பார்த்தாள், பாதத்தைத் தட்டி உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தாள். நர்ஸிடம் போனில் பேச, குடில் பக்கம் வண்டியை விடச் சொன்னாள். எல்லாம் முடிந்த பிறகுதான் குன்வோர் பக்கம் திரும்பினாள். அப்போது டோர்கெல் ஜீப்புக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருந்தான்.

"உனக்கு அவன்மேல பாசம் இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாள் பிரித்தா. "ஆனா உன் பாசத்துக்கு யாரையும் ஒரு வார்த்தை கேக்கத் தெரியாது. உங்கப்பாவுக்கும் தெரியாது."

"ரம்பம்தான் ஆபத்துன்னு நினைச்சேன்."

"ரம்பம் பக்கத்துல இருந்தப்ப எய்னோவும் பக்கத்துல இருந்தாரு."

சொல்லிவிட்டுத் தன் கார் பக்கம் போய்விட்டாள். திட்டியிருந்தால் குன்வோருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

ஜீப்புக்குள்ளிருந்து டோர்கெல் கண்ணாடியை இறக்கினான்.

"எய்னோகிட்டச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். சத்தியத்தை உடைச்சுட்டேன்."

அவன் அதைக் கொஞ்ச நேரம் மென்றான். ரொட்டியைப் போலவே.

"சத்தியம் வாங்கினது என் தப்பு. அந்தச் சத்தியத்தாலதான் உன்னால யாரையும் என்கூட அனுப்ப முடியல, இல்ல?"

"அது மட்டும் இல்லடா. எனக்கு அனுப்பணும்னே தோணல. டப்பாவைக் குடுத்ததோட என் கடமை முடிஞ்சதுன்னு நினைச்சுட்டேன்."

"ரம்பத்தை எடுத்துக்கிட்டது சரியாக்கூட இருக்கலாம்க்கா. அதை நானே உன் கையில குடுத்திருக்கணும். குடுக்க நீ விடல." கண்ணாடியை ஏற்றினான். பாதியில் நிறுத்தினான். "அவர் காலைப் பத்தி என்ன சொன்னாரு?"

"கேட்டாரு. அப்புறம் ஒண்ணும் சொல்லல."

"ஒண்ணும் சொல்லலையா?" அவன் முகம் வெளுத்தது. எய்னோ திட்டினால் கவலையில்லை. எய்னோ பேசாமல் இருந்து அவன் பார்த்ததில்லை.

குடிலில் பிரித்தா அவனைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு மருத்துவ நிலையத்துக்குப் போனாள். எய்னோ ரம்பத்தின் சங்கிலியை அரத்தால் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தீட்ட வேண்டிய தேவையே அதற்கு இல்லை.

"எய்னோ, உங்களாலதான் இன்னைக்கு…"

"சர்க்கரை குடுக்கறது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல" என்றார் நிமிராமல். "எப்ப வேணா குடுப்பேன். ராத்திரி வந்து கதவைத் தட்டினாலும் எழுந்து வந்து குடுப்பேன். ரம்பத்தோட அவன் பக்கத்துல நிக்கறது வேற. நீ என்னைக் கேக்காம என் காலை ஒரு வாரம் அவன் பக்கத்துல நிறுத்தி வச்சே."

"தப்புதான்."

"தப்புன்னு தெரியும் உனக்கு. எனக்கு வீட்டுல ஒரு கிழவி இருக்கா. அவளுக்கு ரெண்டு காலோட ஒரு புருஷன் வேணும்." அரத்தைக் கீழே வைத்தார். "யோசிக்கணும் பொண்ணே. அவசரப்படுத்தாதே."

மதியத்திலேயே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. எல்லாரையும் அனுப்பிவிட்டுக் குன்வோர் கோப்பைகளைக் கழுவினாள். காலையில் எய்னோ வைத்த கட்டி அப்படியே டோர்கெலின் இடத்தில் இருந்தது. அதை எடுக்க மனம் வரவில்லை. மேசையை அதைச் சுற்றித் துடைத்தாள்.

விளக்கை அணைக்கப் போனவள் சுவரைப் பார்த்தாள். டோர்கெலின் ஆணி காலியாக இருந்தது.

பிரித்தா காரை எடுக்கும் முன் அவன் கம்பளியைப் போர்த்தியபடியே ஒரு நிமிடம் குடிலுக்குள் போய் வந்தது ஞாபகம் வந்தது. கையுறைக்காகப் போகிறான் என்று நினைத்திருந்தாள். அதையும் கேட்கவில்லை.

டோர்கெலின் வீட்டுக்குப் போன் செய்தாள். பிரித்தா எடுத்தாள்.

"நர்ஸ் பாத்துட்டாங்க. நல்லாத்தான் இருக்கான். ஆனா வீட்டுல இல்ல. எய்னோகிட்டப் போகணும்னான். நான்தான் கொண்டுபோய் விட்டேன்."

"கவசத்தோடயா?"

"மடியிலயே வச்சுக்கிட்டு வந்தான். என்னத்துக்குன்னு நான் கேட்டேன். சொல்ல மாட்டேன்னுட்டான்."

குன்வோர் ஜீப்பை எய்னோவின் வீட்டுப் பக்கம் திருப்பினாள். வேலிக்கு வெளியே நிறுத்தினாள். சமையலறைச் சன்னலில் விளக்கு எரிந்தது. திரை போடவில்லை. இங்கே யாரும் போடுவதில்லை.

மேசைக்கு இந்தப் பக்கம் டோர்கெல். அந்தப் பக்கம் எய்னோ. எய்னோவின் மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றாள். ஆணிக்குத் திரும்பலாமா என்று எய்னோவைக் கேட்பது போல மேசைமேல் தலைக்கவசம் இருந்தது. டோர்கெல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். கையை நீட்டி, ஒரு சாண் அளவு காட்டினான். எய்னோ தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

கதவைத் தட்டக் குன்வோர் ஜீப்பிலிருந்து இறங்கினாள். உள்ளே போய் என்ன சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். நான் ரெண்டு பேரையும் பாத்துக்கறேன். வேலையை மாத்திப் போடறேன். மூணாவது ஆளைப் பக்கத்துல நிறுத்தறேன். வார்த்தைகள் தொண்டை வரை வந்துவிட்டன.

வேலிக் கதவில் வைத்த கையை எடுத்தாள்.

காலையில் டப்பாவை வைத்தபோதும் இப்படித்தான் எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது.

பனியில் நின்றபடி பார்த்தாள். எய்னோவின் மனைவி காப்பியை ஊற்றினாள். இரண்டு கோப்பை. எய்னோ அலமாரியிலிருந்து சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தார். டோர்கெல் பேச்சை நிறுத்திவிட்டு அதையே பார்த்தான்.

இத்தனை வருடமாக எய்னோ கட்டியைத் தானே எடுத்து அவனுக்குக் கொடுத்தவர். இன்றும் கொடுப்பார் என்று குன்வோர் காத்திருந்தாள்.

அவர் கிண்ணத்தை டோர்கெல் பக்கம் தள்ளவில்லை. தன் பக்கம் இழுத்துக்கொள்ளவும் இல்லை. கிண்ணம் நடுவில், கவசத்துக்கு அருகில் இருந்தது. காப்பியிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. இருவரில் யாரும் இன்னும் கையை நீட்டவில்லை.